அறுபத்தொன்றாம் மரம்

எஸ்டேட்டில் நிழல் மரங்களுக்கெல்லாம் எண் உண்டு.
வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டவன் நான்.
நாகலூர்ச் சரிவில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு.
ஏறிப் புல்லுருவி வெட்டினால்
மரத்துக்கு நாற்பது ரூபாய் நோட்டில் ஏறும்.
நோட்டில் ஏறாதது நடக்கவில்லை என்று பொருள்.

மார்கழிப் பனியில் வந்தாள் மோர்வென்னா,
கார்ன்வாலில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள்.
மூன்றாம் நாளே லைன் வீடுகளில் அவள் மோரம்மா.
தான் ஒரு ட்ரூயிட் என்றாள்.
டிரைவர்தானே, சொன்னாங்களே, என்றான் சடையன்.

சில்வர் ஓக்கைக் கட்டிப்பிடித்துக்
கன்னத்தை எடுத்துக்கொண்டு சிரித்தாள்:
இது ஓக்கே இல்லை,
பெயரை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது.
ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் என்றேன்.
நானும் தூரத்திலிருந்துதான் என்று
மறுபடி கன்னம் வைத்தாள்.

மேலே சடையன், கையில் கொடுவாள்.
கீழே அவள், ஹோம்ஸ்டே படுக்கை விரிப்பை ஏந்திக்கொண்டு.
மண்ணில் விழக் கூடாதாம்.
மண்ணிலும் இல்லாமல் வானிலும் இல்லாமல்
நடுவில் முளைப்பதால்
அவள் முன்னோருக்கு அது சகல நோய்க்கும் மருந்து;
ஆறாம் பிறையில், பொன் அரிவாளால்.
"மரத்தோட ரத்தத்தைக் குடிக்குது, அதுக்குப் பூசை வேறயா?"
உச்சியிலிருந்து குரல்.
விரிப்பில் விழுந்தது ஒரு கூடைப் பச்சை,
நிறைய முசுறு எறும்பு.

கடிபட்ட கையை ஊதிக்கொண்டே டீக்கு நடுவில் சொன்னாள்:
அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை.
இருபது வருஷம் மனப்பாடம்.
எழுதியவர்கள் எல்லாம் தோப்பைக் கொளுத்த வந்தவர்கள்.
மிச்சத்தை நாங்கள் பிற்பாடு இட்டுக்கட்டினோம்,
போன வருஷம் ஒரு வரி நானே.
தன் மதத்தைப் பற்றி இவ்வளவு நிதானமாக
யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பகலை எண்ண மாட்டார்களாம், இரவைத்தான் எண்ணுவார்களாம்.
அப்போ கூலி எப்படி என்றேன்.
அதை யோசிக்கவில்லை என்றாள்.

உயிர் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகும்,
அதனால் சாவுக்கு அஞ்ச மாட்டார்கள்,
கொடுத்த கடனைக்கூட
அடுத்த பிறவியில் வாங்கிக்கொள்வார்கள் என்றாள்.
சடையன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.
பிறவி அவனுக்குப் புதிதில்லை. கடனும் புதிதில்லை.
இரண்டையும் ஒரே மூச்சில்
இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொன்னதுதான் புதிது.

மகள் நிரோஷாவுக்குச் சேலத்தில் நர்சிங்.
இரண்டாம் தவணை பாக்கி.
கிளம்புகிற காலையில் மோரம்மா பதினெட்டாயிரம் கொடுத்தாள்.
எப்போ திருப்பித் தர, என்றான்.
வானத்தை எல்லாம் காட்டவில்லை அவள்.
தன்னைக் காட்டி, அவனைக் காட்டி,
இரண்டு கையையும் சுற்றினாள்,
கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் திருப்புவதுபோல.

ராத்திரி என் கதவைத் தட்டினான்.
"எழுதிக் குடுங்க சார்.
அடுத்த பிறப்புல அவங்க மரங்கொத்தியா வந்தா
எப்படி அடையாளம்? வட்டி எவ்வளவு?
செவ்வாய்ப்பேட்டை அடகுக் கடையில
தேதியாவது போடுவாங்க."
எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே என்றேன்.
கொஞ்ச நேரம் நின்றான்.
சேர்வராயன் குகையில் நேர்ந்துகொண்டதற்கு
என்றைக்குப் பத்திரம் எழுதினோம் என்று
தனக்கே கேட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

மறுநாள் அறுபதுவரை வெட்டினான்.
அறுபத்திரண்டிலிருந்து வெட்டினான்.
அண்ணாந்து பார்த்தேன்:
அறுபத்தொன்றின் உச்சியில் புல்லுருவி, சிவக்கப் பூத்து.
நான் கேட்கவில்லை.
நோட்டில் அந்த வரியை வெறுமனே விட்டேன்,
பதினேழு வருஷத்தில் நான் எழுதாத ஒரே வரி.

அது போன வருஷம்.
பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்றுவிட்டுப்
பக்கத்துக் கிளையில் பின்புறத்தைத் தேய்க்கிறது.
ஒட்டிய விதை ஒட்டிய இடத்திலேயே கண் விழிக்கிறது.
ஐம்பத்தெட்டில் ஒன்று, அறுபத்துநான்கில் இரண்டு.
மேனேஜர் திங்கட்கிழமை வருகிறார்.

கொடுவாளைத் தீட்டியபடி சடையன் சொல்கிறான்:
"அசல் இருக்கட்டும் சார்.
வட்டியை மட்டும் வெட்டிடறேன்."